செங்கல் மேல் நின்ற கார்

அத்தியாயம் ஏழு

"நாளைக்குச் சாயங்காலம் கோர்ட்டுக் கதவைச் சாத்திட்டாங்கன்னா, உன் காலுக்கு நடந்தது ஒண்ணுமே நடக்கலேன்னு ஆயிடும் அம்சா" என்றார் வக்கீல் கிருஷ்ணசாமி.

அம்சா திண்டிவனத்தில் அந்த வக்கீல் வீட்டு முன்கூடத்தில், பாய் மேல் நீட்டிக் கிடந்த தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே அது அவளுடையதாகவே இல்லை. ஒருநாள் அடுப்பிலிருந்து தெறித்த நெருப்புத் துண்டு புறங்காலில் கிடந்து புகைந்தபோது, நாற்றம் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

கிளியனூரில் நிலக்கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கப் போகும் கூலிக்காரி அவள். போன வருஷம் வேலை மும்முரத்தில் குளிர்காய்ச்சல் கண்டது. திண்டிவனம் கடைத்தெருவில் புதிதாய்த் திறந்திருந்த பாண்டுரங்கம் டாக்டரின் டிஸ்பென்சரிக்குப் போனாள். இடுப்புக்குக் கீழே குயினைன் ஊசி போட்டார் டாக்டர். ஊசி இறங்கிய கணத்தில் இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை மின்னல் ஓடியது. "ஐயோ, எடுங்க!" என்று அலறினாள். "கத்தாதேடி, ஊசின்னா வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லி மிச்ச மருந்தையும் உள்ளே தள்ளினார் அவர். உள்ளே நடந்து போனவள், வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அன்று தொங்கிய பாதம் பிறகு நிமிரவே இல்லை. பெரியாஸ்பத்திரியில் பார்த்த நரைத்த தலை டாக்டர், "ஊசி நரம்பிலே ஏறியிருக்கு. இடம் தெரிஞ்சவன் அங்கே குத்த மாட்டான். எந்தக் கூண்டிலே ஏறியும் சொல்றேன்" என்றார்.

குந்தி உட்கார முடியாதவளை எந்தக் கொல்லைக்கு வேலைக்குக் கூப்பிடுவார்கள்? புருஷன் பூமாலை ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவன். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்த பிறகு, இருக்கிறானா இல்லையா என்ற சேதிகூட இல்லை. மகள் செண்பகம் பக்கத்து வீட்டுக் கேப்பங்கூழில் வளர்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னொரு தரம் சொல்றேன், மனசுல வாங்கிக்க" என்றார் வக்கீல். "டாக்டர் அஜாக்கிரதையாலே உடம்பு கெட்டா மூணு வழி இருக்கு. போலீசுல பிராது கொடுக்கலாம். அதைக் கொடுத்துப் பார்த்தே."

"காய்ச்சல் முத்தி வாதம் வந்துக்கீது, போன்னு தொரத்திட்டாங்க ஐயா."

"பட்டணத்து மெடிகல் கவுன்சிலுக்கு மனுப் போடலாம். அவங்க நெனைச்சா டாக்டர் பேரையே அடிச்சுடுவாங்க. ஆனா அதனாலே உன் வீட்டு அடுப்பு எரியாது. பாக்கி இருக்கிறது, நஷ்டஈடு கேட்டு முன்சீப் கோர்ட்டுல வழக்கு. கட்டணம் கட்ட வழியில்லாதவங்க பாப்பர் மனுன்னு ஒண்ணு போடலாம். ஆனா உடம்புல பட்ட காயத்துக்குச் சட்டம் கொடுக்கிற கெடு ஒரே வருஷம். நாளையோட முடியுது. அந்த மனுவை உனக்காக நான் கொடுக்கவும் முடியாது. நீயே நேர்ல வந்து ஜட்ஜு கிட்டக் கொடுக்கணும்."

இந்தக் கெடுவைப் பற்றி அவளுக்கு யாரும் முன்னால் சொல்லியிருக்கவில்லை. தெரிந்தபோது வருஷம் ஏறக்குறைய ஓடியே போயிருந்தது.

மூலையில் இருந்த ஸ்டூலில் துப்பறியும் தாண்டவராயன் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தவர். அவருக்கு யோசனை ஓட வேண்டுமானால் கை எதையாவது உரிக்க வேண்டும். உரித்ததைத் தின்பது அவர் அல்ல. பக்கத்தில் நின்ற அவர் உதவியாள் கோதண்டம். நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டியவன். கம்பெனி கலைந்த பிறகும் அவன் வாய் கலையவில்லை. ஊசி போட்டதைப் பார்த்த சாட்சி ஒருவரையாவது பிடித்துத் தரும்படி வக்கீல்தான் இவர்களை அழைத்திருந்தார்.

"சாட்சி கெடைக்கல" என்றார் தாண்டவராயன்.

"ஊசி குத்தின எடம் அப்படி, வாத்தியாரே. நாலு பேரைக் கூட்டி வெச்சுக்கினா குத்துவாங்க?" என்றான் கோதண்டம்.

அம்சாவுக்கு அவன் முகத்தில் காறித் துப்பலாம் போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேத்து அந்த டாக்டரு ஆளு எங்க வீட்டாண்ட வந்தான் ஐயா" என்றாள் மெதுவாக. "'இன்னாம்மா, இன்னும் கேஸ் போடலியா? ஜல்தியா போடு. டாக்டர் பாண்டுரங்கம், எல்.எம்.பி.ன்னு பட்டத்தோட பேரைத் தப்பில்லாமப் போடச் சொல்லு'ன்னு சொல்லிட்டுப் போனான்."

"எவ்வளவு திமிர் பார்த்தீரா?" என்றார் வக்கீல்.

தாண்டவராயனின் கை நின்றுவிட்டது. கோதண்டம் நீட்டிய உள்ளங்கை காற்றில் காத்திருந்தது.

"திமிரா? வெட்டுப்படப் போற ஆடு, அருவா தீட்டியாச்சான்னு வந்து கேட்குமா வக்கீல் சார்?" என்று எழுந்தார் அவர். "வாம்மா. அந்த டிஸ்பென்சரியை ஒரு தரம் பார்த்துட்டு வருவோம்."

டிஸ்பென்சரிக்கு எதிர்வரிசையில் மூடிக்கிடந்த ஒரு கடையின் படியில் அம்சா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'டாக்டர் பாண்டுரங்கம், எல்.எம்.பி., விழுப்புரம் - திண்டிவனம்' என்ற போர்டைப் பார்த்ததும் முந்தானையை இன்னும் கீழே இழுத்துவிட்டாள். கோதண்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியபடி உள்ளே போனான். தாண்டவராயன் பக்கத்து சோடாக் கடையில் ஒரு சோடா வாங்கிக்கொண்டு, கண்ணை நாலாபுறமும் மேயவிட்டார்.

போன வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில், அவிழ்ந்த வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கோதண்டம் ஓடி வந்தான்.

"பேஜாரு வாத்தியாரே! வயித்து வலின்னேன். நாக்கை நீட்டுன்னான், நீட்டினேன். திரும்பிப் படுன்னான். ஏன் சாமி, வயிறு முன்னாடிதானே கீதுன்னு கேட்டேன். எல்லா வியாதிக்கும் ஊசி அங்கதான்னான். பாத்தேன், ஒரே ஓட்டம்!"

அடுத்து டாக்டரே வெளியே வந்தார். உருண்டை முகம், தங்க பிரேம் மூக்குக்கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை. வாசலில் நின்ற ஜட்கா வண்டியில் ஏறிக்கொண்டு போனார். அம்சா படிக்கல்லை இறுகப் பற்றினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் மரத்துப்போன கால்கூட ஒருதரம் சுண்டியது போலிருந்தது.

"இவருதானா?" என்று கேட்டார் தாண்டவராயன்.

"இவரேதான் ஐயா. தூக்கத்துலகூட மறக்க மாட்டேன்."

டிஸ்பென்சரியை ஒட்டிய கொட்டகையில் ஒரு கார் நின்றது. சக்கரங்களைக் கழற்றி, செங்கல் அடுக்கி, அதன் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். பின்சீட்டில் ஒரு கோழி குஞ்சுகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"கார் யாருதுப்பா?" என்று சோடாக் கடைக்காரனைக் கேட்டார்.

"டாக்டருதுதாங்க. யுத்தம் வந்து பெட்ரோல் இல்லாமப் போச்சே, அதான் சும்மா கெடக்குது. எங்க போனாலும் ஜட்காதான்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை; தெருவையே புழுதியாக்கிக்கொண்டு இன்னொரு கார் போயிற்று.

"அது யாரு?"

"அவுரும் டாக்டருதாங்க, மேலத்தெருவு. டாக்டருங்களுக்கு சர்க்காரு பெட்ரோல் கூப்பன் குடுக்குதே!"

தாண்டவராயன் சோடாவை அப்படியே வைத்துவிட்டார். செங்கல் மேல் நின்ற காரையும், ஜட்கா போன திசையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அம்சாவிடம் வந்து குனிந்தார்.

"அம்மா, நாளைக்குக் காலையிலே முதல் வண்டிக்கு, அந்தப் போர்டுல இருக்கிற விழுப்புரத்துக்கு நீ எங்களோட வரணும்."

"நாளைக்குக் கோர்ட்டு ஐயா!" அவள் குரல் கிறீச்சிட்டது. "நான் நேர்ல போவலேன்னா எல்லாம் போச்சுன்னாரே!"

"மத்தியானத்துக்குள்ளே திரும்பிடலாம். இந்தப் பேர்ல கேஸ் போட்டா நீ தோத்துடுவேன்னு எனக்குத் தோணுது. என் நெனைப்பு தப்பாவும் இருக்கலாம். ஆனா நீ வந்து பார்த்தாத்தான் தெரியும்."

திரும்பி வந்து சொன்னதும் வக்கீல் குதித்தார். அம்சாவிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரே ஒரு நாள். அதையும் இந்த மல்லாட்டை உரிக்கும் மனிதரிடம் தூக்கிக் கொடுப்பதா? ஆனால் அந்த ஆடு-அரிவாள் பேச்சு அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது.

"வர்றேங்க" என்றாள்.

விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் டாக்டர் பாண்டுரங்கத்தின் வீடு. கதவைத் திறந்தவள் அவர் மனைவி கிருஷ்ணவேணி. முப்பது வயதிருக்கும், களையான முகம், கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"டாக்டரைப் பார்க்கணும்" என்றார் தாண்டவராயன்.

"அவர் ஊர்ல இல்லையே. பட்டாளத்து டாக்டரா பாரசீகத்துக்குப் போய் ரெண்டு தீபாவளி ஆச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

அம்சாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கூடத்துச் சுவரில் மாலை போட்ட சாமிப் படங்களுக்கு நடுவே ஒரு போட்டோ தொங்கியது. பட்டாளத்து உடுப்பில், ஒட்டிய கன்னமும் அடர்ந்த மீசையுமாக ஒரு மனிதர் நின்றார்.

"அவரு யாருங்க?" என்று கேட்டாள்.

"அவர்தாம்மா டாக்டர்."

"இவரு எனக்கு ஊசி போடலீங்க" என்றாள் அம்சா.

கிருஷ்ணவேணி விளங்காமல் பார்த்தாள். "திண்டிவனத்து டிஸ்பென்சரி யார் பொறுப்பிலே இருக்கு?" என்று மெல்லக் கேட்டார் தாண்டவராயன்.

"அதுவா? பூட்டிக் கிடக்கு. போர்டு மாட்டின வாரமே அவருக்கு உத்தரவு வந்துடுச்சு. ஒருநாள்கூட அங்கே உட்காரல. சாவி என் தம்பி சாரங்கபாணிகிட்ட இருக்கு. கார்கூட அங்கேதான் நிக்குது. அவன் மருந்துக் கம்பெனிக்கு ஏஜெண்டா ஊர் ஊரா சுத்தறவன், வந்து போறப்போ பார்த்துப்பான்."

அம்சா சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். எதிர்ச்சுவரில் ஒரு கல்யாணப் போட்டோ இருந்தது. மாப்பிள்ளை, பெண், அவர்களுக்குப் பின்னால் உறவுக் கூட்டம். பெண்ணின் தோளுக்குப் பக்கத்தில் நின்ற உருண்டை முகத்தின் மேல் அவள் விரல் போய் நின்றது. அப்போது மீசை அரும்பாத வயசு, மூக்குக்கண்ணாடியும் இல்லை. ஆனாலும் அந்த முகம்தான்.

"இவருங்க."

கிருஷ்ணவேணி கிட்டே வந்து பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"அது... என் தம்பி. அவன் டாக்டர் இல்லையே. மெடிகல் ஸ்கூல்ல சேர்ந்து மொத வருஷமே பரீட்சை தவறி வந்துட்டவன்."

"அங்கே பூட்டு இல்லேம்மா" என்றான் கோதண்டம். இந்தத் தடவை அவன் குரலில் கேலி இல்லை. "நேத்து எனக்கே ஊசி போட வந்தாரு."

தாண்டவராயன் நடந்ததையெல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு, "அம்மா, இவ எப்படியும் கேஸ் போடப்போறான்னு தெரிஞ்சு, உங்க தம்பி இவளுக்கு ஆள் அனுப்பி, உங்க புருஷன் பேர்ல கேஸ் போடச் சொல்லி அவசரப்படுத்தறார். போட்டா என்ன ஆகும்? என்னிக்கோ ஒருநாள் டாக்டர் வந்து, 'நான் அப்போ பாரசீகத்துல இருந்தேன்'னு காட்டுவார். கேஸ் தள்ளுபடி. அதுக்குள்ளே வருஷக் கெடு முடிஞ்சிருக்கும். உங்க தம்பி மேல எவனும் கை வைக்க முடியாது. அதுவரைக்கும் கோர்ட்டுல நாறப்போறது, எங்கேயோ பாலைவனத்துல காயம்பட்டவனுக்குக் கட்டுக் கட்டற மனுஷன் பேரு" என்றார்.

கிருஷ்ணவேணி தூணோடு சாய்ந்துவிட்டாள்.

"அம்மா செத்தப்போ அவன் கைக்குழந்தை. நான்தான் தூக்கி வளர்த்தேன். எனக்கு முதல்ல சோறு ஊட்டத் தெரிஞ்சது அவனுக்குத்தான்."

"எனக்கும் ஒரு கொழந்தை கீதும்மா" என்றாள் அம்சா. புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். உலர்ந்த சுள்ளி போல் காய்ந்து தொங்கியது அந்தக் கால். "எம்மாந்தூரம் இந்தக் காலை இழுத்துக்கினு வந்திருக்கேன் பாருங்க. உங்களை ஒண்ணும் கேக்கல. அன்னிக்கு உங்க வீட்டுக்காரரு ஊர்ல இல்லேன்னு ஒரு வார்த்தை கோர்ட்டாண்ட வந்து சொல்லுங்க, போதும்."

கிருஷ்ணவேணி அந்தக் காலைப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள்.

"போயிடுங்க" என்றாள். "கையெடுத்துக் கும்பிடறேன். என்னை ஒண்ணும் கேட்காதீங்க." கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

திரும்பும் வண்டி முண்டியம்பாக்கத்தில் நின்றது, நின்றதுதான். எதிர்த் தண்டவாளத்தில் பட்டாளத்து ஸ்பெஷல் ரயில்கள் ஒன்றன் பின் ஒன்றாய்ப் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் போன பிறகுதான் கைகாட்டி இறங்கும் என்று கார்டு சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

"யுத்தம் முடிஞ்சாத்தான் இந்த வண்டி கெளம்பும் போலக்கீது. அதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுடலாம் வாத்தியாரே" என்றான் கோதண்டம்.

அம்சா ஜன்னல் வழியே வேப்பமரத்து நிழலைப் பார்த்தாள். அது காலடியை விட்டு நீளத் தொடங்கியிருந்தது. யாரையும் கேட்காமல் எழுந்து, கம்பியைப் பிடித்து, உட்கார்ந்தபடியே படியில் சரிந்து தரையில் இறங்கினாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது.

"ரோட்டுக்குப் போவலாம் ஐயா. தவழ்ந்தாவது போறேன்."

தவழ வேண்டியிருக்கவில்லை. ரோட்டோரம், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும், மல்லாட்டை மூட்டை ஏற்றிய கரி லாரி ஒன்று, அடுப்புக்குக் கரி போட நின்றிருந்தது. டிரைவர் திண்டிவனம் மண்டிக்குப் போகிறவன். கோதண்டம் அவளை மூட்டை மாதிரியே தோளில் ஏற்றி மேலே உட்கார வைத்தான். லாரி இருமிக்கொண்டும் புகைந்துகொண்டும் நகர்ந்தது. ஏற்றத்தில் மாட்டு வண்டிகள் அதை முந்திப் போயின.

"பெட்ரோல் இல்லாத கொடுமையைப் பார்த்தியா?" என்று கண்ணைக் கசக்கினார் தாண்டவராயன். "அந்த பெட்ரோல்தாம்மா அவனைக் காட்டிக்கொடுத்தது. கார் வெச்சிருக்கிற டாக்டர், கேட்டா சர்க்கார் கூப்பன் கொடுக்கும். அப்படியும் ஒருத்தன் ஜட்காவுல போறான்னா, கேட்கலேன்னு அர்த்தம். ஏன் கேட்கல? கூப்பன் வேணும்னா டாக்டரே அதிகாரி முன்னாடி போய் நின்னு கையெழுத்துப் போடணும். காய்ச்சல்காரங்களை ஏமாத்தினவனுக்கு சர்க்கார் முன்னாடி நிக்க தைரியம் இல்லே."

அம்சா கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் மனதில் ஓடியது வேறு. அந்த அம்மாள் தம்பிக்கு இந்நேரம் தந்தி கொடுத்திருப்பாளோ? 'என் புருஷன் அப்போது லீவில் வந்திருந்தார்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், ஊசி போட்டது டாக்டர்தான் என்று ஆகிவிடாதா? அடியில் மூட்டைகள் குலுங்கின. இப்படி எத்தனை மூட்டைக்கு அவள் காய் பிடுங்கிப் போட்டிருப்பாள்! இனி அந்த வேலை இல்லை. இன்றைக்குக் கோர்ட்டும் இல்லையென்றால், நாளைக்கு எதை நம்பிக் கண் விழிப்பது?

வக்கீல் கிருஷ்ணசாமி கோர்ட்டு வாசலில் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தார். புழுதியும் புகையும் பூசி வந்த மூன்று பேரையும் முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து, மனுவில் எதிர்வாதியின் பெயரை மாற்றி எழுத ஆரம்பித்தார்.

எழுதும்போதே பேனா நின்றது.

"அந்தம்மா மாத்திச் சொல்லிட்டா நாம தொலைஞ்சோம். எதுக்கும் ரெண்டு பேர் பேரையும் போட்டுடறேன். டாக்டர் ஒண்ணாம் எதிர்வாதி, மச்சான் ரெண்டாம் எதிர்வாதி. யார் மேலே விழுந்தாலும் நமக்கு நஷ்டமில்லே. சட்டத்துல அதுக்கு இடம் உண்டு."

"வேணாங்க" என்றாள் அம்சா.

"புரியாமப் பேசாதே. இதைவிட்டா உனக்கு வேற நாள் கிடையாது."

"போட்டோவுல பாத்தேங்க. அந்த மனுசன் என்னைத் தொட்டதே இல்ல. எங்கியோ கெடக்கிறாரு, எங்க ஊட்டுக்காரரு மாதிரி. அவரு பேரை எழுதி நான் கைநாட்டு வெக்க மாட்டேன்."

வக்கீல் தாண்டவராயனைப் பார்த்தார். பேனா மறுபடி நகர்ந்தது; ஒரே பெயர்தான் எழுதியது.

வராந்தாவில் சாரங்கபாணி, மனு யார் பேரில் விழுகிறது என்று பார்க்க, தன் வக்கீலோடு நின்றிருந்தான். தங்க பிரேம் கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை. அம்சாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒதுங்கி வழிவிட்டான்.

முன்சீப் எழுந்திருக்கத் தயாராக இருந்தார். மேடை வரை அவளே நடந்து போக வேண்டும். கோதண்டம் கையை நீட்டினான், அவள் வாங்கவில்லை. ஒரு காலை ஊன்றி, ஒரு காலை இழுத்து, மனுவைக் கொண்டுபோய் நீட்டினாள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சரசரப்பைக் கேட்டார்கள்.

"யார் மேலே வழக்கு?" என்று கேட்டார் முன்சீப்.

"சாரங்கபாணிங்க. டாக்டரு இல்லீங்க. டாக்டரு நாற்காலியில உக்காந்திருந்த ஆளு."

கதவருகே சிரிப்பு அணைந்துபோயிற்று. சாரங்கபாணி தன் வக்கீலின் காதில் எதையோ படபடவென்று சொல்லிவிட்டு, வராந்தாவில் யாரையோ கண்டு வெளியே ஓடினான். வக்கீல் துள்ளி எழுந்தார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, இது அபாண்டம். இந்தப் பெண்ணுக்கு வைத்தியம் செய்தது டாக்டர் பாண்டுரங்கமே. அந்தச் சமயம் அவர் லீவில் ஊருக்கு வந்திருந்தார். அவர் மனைவியே வந்து சொல்வார்!"

அம்சா பயந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது. வாசலில் சலசலப்புக் கேட்டுத் திரும்பினாள். கிருஷ்ணவேணி நின்றிருந்தாள்.

"நாம இறங்கின அதே வண்டியில உக்காந்தே வந்துட்டாங்க வாத்தியாரே" என்று முணுமுணுத்தான் கோதண்டம். "நாம மட்டும் கரி தின்னதுதான் மிச்சம்."

கிருஷ்ணவேணி தம்பியைப் பார்க்கவில்லை. கைகூப்பியபடி மேடைக்கு எதிரே வந்தாள்.

"ஐயா, நான் பாண்டுரங்கம் சம்சாரம். அவர் பேரை அந்த மனுவிலேருந்து எடுத்துடச் சொல்லுங்க. அதைக் கேட்கத்தான் ஓடி வந்தேன்."

முன்சீப் மனுவைப் புரட்டிப் பார்த்தார்.

"உன் புருஷன் பேரே இதுல இல்லையேம்மா."

கிருஷ்ணவேணியின் கூப்பிய கை அப்படியே நின்றது. மெல்லத் திரும்பி அம்சாவைப் பார்த்தாள். புழுதி அப்பிய முகம், சிராய்த்த முழங்கை, தரையில் வளைந்து கிடந்த அந்தப் பாதம்.

"அக்கா!" என்றான் சாரங்கபாணி. அதட்டலும் கெஞ்சலுமாக வந்தது அந்தக் குரல்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்சீப்பிடம் திரும்பினாள்.

"அவர் லீவுல வந்தார்னு சொல்லச் சொல்லி, இப்பத்தான் வராந்தாவுல என் தம்பி காலைப் பிடிச்சுக் கேட்டான். அவர் வரல ஐயா. போனவர் போனவர்தான். நான் போடற கடுதாசி அவருக்குப் போய்ச் சேரவே மாசக்கணக்காகுது. டிஸ்பென்சரி சாவி இவன்கிட்டதான் இருந்தது. எந்தக் கூண்டிலே ஏறச் சொன்னாலும் இதைச் சொல்றேன்."

சாரங்கபாணியின் வக்கீல் மெதுவாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனு இன்றைய தேதியில் வாங்கிக்கொள்ளப்பட்டது என்று முன்சீப் எழுதினார். பட்டம் இல்லாமல் டாக்டர் வேஷம் போட்டதற்குத் தனியாகப் பிராது கொடுக்கும்படி சொன்னார். அம்சாவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்கள். ரேகை இரண்டு தரம் கலைந்து, மூன்றாம் தரம்தான் சரியாக விழுந்தது.

அவள் வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள்.

"ஜெயிச்சுட்டமா ஐயா?"

"இன்னும் இல்லேம்மா" என்றார் தாண்டவராயன். "கதவு மூடாம பார்த்துக்கிட்டோம், அவ்வளவுதான். நீ ஏழைன்னு முதல்ல நிரூபிக்கணும். அப்புறம், ஊசி சரியான இடத்துலதான் விழுந்துதுன்னு அவங்க ஆள் கூட்டி வருவாங்க. பெரியாஸ்பத்திரி டாக்டர் சாட்சி சொல்லணும். வாய்தா மேலே வாய்தா போடுவாங்க. வருஷக்கணக்கா இழுப்பாங்க. அதுவரைக்கும் நீ நிக்கணும்."

அம்சா தன் காலை இரண்டு கையாலும் தூக்கி, கீழ்ப்படியில் எடுத்து வைத்தாள்.

"இழுக்கட்டும் ஐயா. எனக்கு இழுக்கிறது புதுசா? அவங்களை விட்டுட்டு ஓடவா போறேன்?"

"வாத்தியாரே, என் வேலைக்கு ஆள் வந்துடுச்சு" என்றான் கோதண்டம்.

அம்சாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவளுக்கு நடுவிலேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். கோர்ட்டுக் காவல்காரன் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தான். கிருஷ்ணவேணி தயங்கித் தயங்கி வந்து அதே படியில், கொஞ்சம் தள்ளி, உட்கார்ந்தாள். கிளியனூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும், எழுந்திருக்க அம்சாவுக்குத் தோள் கொடுத்தவள் அவள்தான்.